எண்ணலும் எடையிடலும்: புரதக் குடும்ப ஆய்வு எழுப்பும் ஓர் அறவினா

1

பத்துப்பேர் ஒன்றைச் சொல்ல, ஒருவர் மட்டும் வேறொன்றைச் சொல்லுமிடத்து, பத்துப்பேரின் கூற்றையே உண்மையெனக் கொள்ளுதல் உலக வழக்கு. அப்பத்துப்பேரும் தாந்தாம் கண்டதைச் சொல்கின்றனரா, அன்றி ஒருவர் கண்டு சொன்னதை ஏனைய ஒன்பதின்மரும் திருப்பிச் சொல்கின்றனரா என்று வினவுவோர் சிலரே. முன்னையதாயின் சான்றுகள் பத்து. பின்னையதாயின் சான்று ஒன்றே. சான்றுகளை எண்ணுவது எளிது. அவற்றை எடையிடுவதோ அவற்றுக்கிடையேயுள்ள உறவை அறிந்த பின்னரே இயலும்.

இவ்வேறுபாடு நீதிமன்றத்துக்கும் வரலாற்றுக்கும் மட்டும் உரியதன்று. ஒரு கூட்டத்தின் பொதுவடிவம் யாது, அதிலிருந்து வேறுபட்டு நிற்கும் உறுப்பினைப் பிழையென்று தள்ளலாமா, கூட்டத்தைச் சேர்ந்தது எது, சேராதது எது எனத் தீர்ப்புக் கூறும் உரிமை எதிலிருந்து பிறக்கின்றது என்னும் வினாக்கள் எழும் இடமெல்லாம் இவ்வேறுபாடும் எழுகின்றது. உயிரியலில் இவ்வினாக்களை மிகத் துல்லியமாக எழுப்பியுள்ள துறை, புரதக் குடும்பங்களைப் புள்ளிவிபரவியல் முறையில் வரிசைப்படுத்தி ஆராயும் துறையாகும். அத்துறை கண்ட முடிவுகள் சில அறவியலுக்கும் உரியன என்பதை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

யாழ்ப்பாணத்துக் கல்வி மரபுக்கு இவ்வினா புதியதன்று. சிறுப்பிட்டியிற் பிறந்து, வட்டுக்கோட்டைச் செமினரியிற் கற்று, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராக விளங்கிய சி. வை. தாமோதரம்பிள்ளை (1832 - 1901) வீரசோழியத்தை 1881 இலும், தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885 இலும், கலித்தொகையை 1887 இலும் அச்சேற்றினார். பல இடங்களிலிருந்து தேடிப்பெற்ற ஏடுகளை ஒன்றோடொன்று ஒப்புநோக்கியே அவர் அந்நூல்களின் மூலபாடத்தைத் துணிய வேண்டியிருந்தது.

ஏடுகள் ஒன்றுக்கொன்று மாறுபட்டதற்குக் காரணங்கள் உள. பழைய ஏடுகளிற் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடப்படுவதில்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபடுத்தி எழுதப்படுவதில்லை. ஆதலால் ‘கொடு’ என்பதும் ‘கோடு’ என்பதும் ஏட்டில் ஒரே வடிவினவாக நிற்கும். இவற்றோடு எழுதுவோனின் அயர்வும் சேரும். ஓர் எழுத்து மற்றோரெழுத்தாக மாறும், ஓரடி விடுபடும், ஓரத்தில் எழுதப்பட்ட குறிப்பு நூலினுட் புகுந்துவிடும். இலக்கணத்தார் புணர்ச்சி விகாரத்துக்கு வகுத்த தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் மூன்று பெயர்களே ஏட்டின் விகாரங்களுக்கும் பொருந்துவனவாயின.

இவ்வாறு மாறுபட்ட ஏடுகளிடையே உண்மைப் பாடத்தைத் துணிவது எவ்வாறு? ஒரு பாடம் எட்டு ஏடுகளிலும் மற்றொரு பாடம் ஈரேடுகளிலும் காணப்படின், எட்டே வெல்லும் என்பது எண்ணுவோர் முடிவு. அவ்வெட்டும் ஒரே ஊரில் ஒரே தாய் ஏட்டைப் பார்த்து எழுதப்பட்டவையாயின், அவை எட்டுச் சான்றுகள் ஆகமாட்டா. தாய் ஏட்டின் பிழையை எட்டுமுறை பெயர்த்தெழுதினும் அது பிழையே. ஐரோப்பாவில் காள் லாக்மன் (1793 - 1851) முதலியோர் வளர்த்த மூலபாடத் திறனாய்வு இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டதாகும். ஏடுகள் பொதுவாகக் கொண்டுள்ள பிழைகளைக் கொண்டே அவற்றின் உறவுமுறையை அறியலாம் என்பது அம்முறையின் உயிர்நாடி.

3

புரதங்களும் ஒருவகை ஏடுகளே எனலாம். ஒவ்வொரு புரதமும் இருபது வகை அமினோவமிலங்கள் குறிப்பிட்ட ஒழுங்கில் கோக்கப்பட்ட நெடுஞ்சரம் ஆகும். பரம்பரையலகு தலைமுறை தலைமுறையாகப் பெயர்த்தெழுதப்படும்போது அங்கும் விகாரங்கள் நிகழ்கின்றன. ஓர் அமினோவமிலம் மற்றொன்றாகத் திரிகின்றது, ஒன்றோ பலவோ கெடுகின்றன, புதியன தோன்றுகின்றன. ஈழத்துத் தமிழ் உயிரியல் நூல்கள் இம்மாற்றத்துக்கு ‘விகாரம்’ என்றே பெயரிட்டமை பொருத்தமுடையது.

பிரெடெரிக் சாங்கர் மாட்டின் இன்சுலினது வரிசையை 1955 அளவில் முற்றாகத் துணிந்தபோது, புரதமொன்றின் வரிசை முதன்முறையாக மனிதர் வாசிக்கத்தக்கதாயிற்று. 51 அமினோவமிலங்களைக் கொண்ட இன்சுலினில், மனிதனுக்கும் பன்றிக்கும் ஓரிடத்திலும், மனிதனுக்கும் மாட்டுக்கும் மூன்று இடங்களிலும் வேறுபாடு உண்டு. ஆயினும் பல்லாண்டுகளாக நீரிழிவு நோயாளரின் உயிரைக் காத்தவை பன்றியினதும் மாட்டினதும் இன்சுலின்களே. எல்லா வேறுபாடும் கேடு விளைவிப்பதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

குளோபின் குடும்பம் இதனை மேலும் விளக்கும். குருதியில் ஒட்சிசனைக் காவும் ஈமோகுளோபினும், தசையில் அதனைச் சேமிக்கும் மயோகுளோபினும் ஒரு குடும்பத்தன. அக்குடும்பத்தின் தூரத்து உறவினை யாழ்ப்பாணத்துத் தோட்டத்திலேயே காணலாம். பயறு, உழுந்து, கச்சான் முதலிய அவரையினச் செடிகளின் வேர்முடிச்சை நகத்தாற் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு நிறம் தோன்றும். நைதரசனைப் பதிக்கும் பற்றீரியாக்களுக்கு வேண்டிய அளவில் ஒட்சிசனை ஒழுங்குபடுத்திக் கொடுக்கும் இலெகுமோகுளோபினின் நிறம் அது. மனிதக் குருதியின் செம்மையும் பயற்றம்வேரின் செம்மையும் ஒரு மூதாதையிலிருந்து கிளைத்தவை. இவற்றின் வரிசைகள் பெரும்பாலான இடங்களில் வேறுபட்டிருப்பினும், சங்கிலி மடிந்து நிற்கும் வடிவம் ஒன்றே; இரும்பணுவைப் பற்றிநிற்கும் இசுற்றிடீன் என்னும் அமினோவமிலமும் தன் இடத்தில் நிலைபெற்றே நிற்கின்றது.

ஆகவே, இத்துறையின் முதற்பணி வரிசைகளை நிரைப்படுத்துதல் ஆகும். பல வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, கெட்ட இடத்தில் வெற்றிடம் விட்டு, ஒரே மூதாதையிடத்திலிருந்து வந்தவை ஒரே நிரலில் நிற்குமாறு அமைத்தலே அது. தாமோதரம்பிள்ளை போன்றோர் ஏடுகளை அடிக்கு அடி ஒப்பிட்டதும் இதுவே. இவ்வொப்புமை வெறும் உவமையன்று. சோசரின் காந்தர்பரிக் கதைகளிலுள்ள ஒரு பகுதியின் பதினைந்தாம் நூற்றாண்டுக் கையெழுத்துப் படிகள் 58 ஐ, உயிரியலாளர் கூர்ப்பு மரம் வரைவதற்குப் பயன்படுத்தும் கணிப்புமுறையாலேயே ஆராய்ந்து, அவற்றின் வழிமுறையை அறிஞர் சிலர் 1998 இல் வரைந்தனர்.

4

மார்கரற் டேகொவ் முதலானோர் 1965 இல் வெளியிட்ட புரத வரிசைத் தொகுப்பில் 65 புரதங்களே இடம்பெற்றிருந்தன. இரு வரிசைகளைச் சிறந்தமுறையில் நிரைப்படுத்தும் கணிப்புநெறியை நீடில்மனும் வுன்சும் 1970 இல் வகுத்தனர். பின்னர் வரிசைகள் பெருகப் பெருக, இருவரை மட்டும் ஒப்பிடுவதால் தூரத்து உறவினை அறியவியலாது என்பது தெளிவாயிற்று. அண்ணனையும் தம்பியையும் முகம் பார்த்து அறியலாம். ஏழு தலைமுறைக்கு அப்பாலுள்ள உறவை அறியக் குடும்பம் முழுவதன் சாயலும் தெரிந்திருத்தல் வேண்டும்.

பேச்சொலிகளைக் கணினி இனங்காண்பதற்குப் பயன்பட்ட மறைநிலை மாக்கோவ் மாதிரியுருவினை, குரோக், அவுசிலர் முதலியோர் 1994 இல் புரதக் குடும்பங்களுக்கு ஏற்றனர். அவர்கள் அதனைப் பரிசோதித்த குடும்பங்களுள் குளோபினும் ஒன்று. அம்மாதிரியுரு, குடும்பத்தின் ஒவ்வோர் இடத்திலும் இருபது அமினோவமிலங்களுள் ஒவ்வொன்றும் தோன்றுவதற்கான நிகழ்தகவு எத்துணை, அவ்விடம் கெடுவதற்கான நிகழ்தகவு எத்துணை, அங்கே புதியது தோன்றுவதற்கான நிகழ்தகவு எத்துணை என்பவற்றை வகுத்துரைக்கும். புதிய வரிசையொன்று வந்தால், ‘இக்குடும்பம் இதனை ஈன்றிருக்கக் கூடுமா?’ என்பதை அது மதிப்பிடும். இவ்வகை மாதிரியுருக்களைத் தொகுத்து 1997 இல் தொடங்கப்பட்ட ‘பிஃபாம்’ என்னும் தொகுதியில் இன்று 20,000 க்கும் மேற்பட்ட குடும்பங்கள் உள்ளன.

ஈண்டுதான் எண்ணலா, எடையிடலா என்னும் வினா எழுகின்றது. தரவுத்தொகுதிகளில் உள்ள வரிசைகள் உலகிலுள்ள உயிர்களின் நேரிய பிரதிநிதிகள் அல்ல. மனிதன், எலி, மாடு, ஆய்வுகூடத்தில் வளர்க்கப்படும் பற்றீரியா என ஆய்வாளர் அதிகம் நாடியவற்றின் வரிசைகளே மிகுந்துள்ளன. ஒன்பது பாலூட்டிகளின் வரிசைகளும் ஒரு செடியின் வரிசையும் கிடைக்குமிடத்து, அவற்றை வெறுமனே எண்ணினால் குடும்பத்தின் வடிவம் பாலூட்டியின் வடிவமாகவே முடியும். செடியின் உறவினம் வந்து வாயிலில் நின்றால் அம்மாதிரியுரு அதனை அறியாது.

இதற்குத் தீர்வாகச் சுடீவன் எனிக்கொவ், யோர்யா எனிக்கொவ் ஆகிய இருவரும் 1994 இல் எளிய எடைமுறையொன்றை முன்வைத்தனர். ஒரு நிரலில் எத்தனை வகை அமினோவமிலங்கள் உள்ளனவோ, அத்தனை சமகூறாக ஓரலகு எடையைப் பிரித்தல் வேண்டும். ஒவ்வொரு கூறையும் அவ்வகையைக் கொண்ட வரிசைகள் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளும். மேற்கூறிய பத்து வரிசைகளுள் ஒன்பதில் ஒருவகையும் ஒன்றில் மற்றொரு வகையும் இருப்பின், ஒன்பதில் ஒவ்வொன்றும் அந்நிரலில் 1/18 எடையையும் தனித்து நிற்பது 1/2 எடையையும் பெறும். எல்லா நிரல்களிலும் இவ்வாறு பெற்றதன் சராசரியே அவ்வரிசையின் எடை.

இம்முறையில் மனங்கொள்ளத்தக்க கூறு ஒன்றுண்டு. எடை என்பது வரிசையின் உடைமையன்று. மனித வரிசை என்பதற்காக அதற்கு மிகையெடை இல்லை; பயற்றினது என்பதற்காகக் குறையெடையும் இல்லை. தனித்துநின்ற வரிசைக்கு நாளை ஒன்பது உடன்பிறப்புகள் கண்டெடுக்கப்படின் அதன் எடை தானாகவே குறையும். மற்றெவரும் சொல்லாத எதனைச் சொல்கின்றது என்பதே அதன் எடையைத் துணிகின்றது.

5

காணப்பட்டவற்றை எடையிட்ட பின்னரும், காணப்படாதவற்றை என் செய்வது என்னும் வினா எஞ்சி நிற்கின்றது. பத்து வரிசைகளிலும் ஓரிடத்தில் லியூசீனே உளது என்க. அவ்விடத்தில் வேறெதுவும் வரவியலாது என மாதிரியுரு விதித்துவிடின், அவ்விடத்தில் வேறொன்றைக் கொண்ட உண்மை உறவினம் வருங்கால் அதற்குச் சுழியமே கிட்டும். பத்துமுறை காணாததை ஒருபோதும் நிகழாதெனத் துணிதல் அளவைநூலுக்கும் ஒவ்வாது, அனுபவத்துக்கும் ஒவ்வாது.

பிரெஞ்சுக் கணித அறிஞர் இலப்பிளாசு (1749 - 1827) இதற்கு ஒரு விதி கண்டார். ஒவ்வொரு வகையும் ஒருமுறை காணப்பட்டதாக முன்னரே கொள்ளுதல் வேண்டும். அவ்வாறு கொண்டால் லியூசீனின் நிகழ்தகவு 11/30 ஆகும். ஏனைய பத்தொன்பதும் ஒவ்வொன்றும் 1/30 பெறும். இது தாராளம் மிகுந்த ஈகை. ஆதலாற் பின்வந்தோர், லியூசீன் நின்ற இடத்தில் அதனையொத்த ஐசோலியூசீனும் வலீனும் வருதற்கு வாய்ப்பு மிகுதி, நீரை நாடும் அமினோவமிலங்கள் வருதற்கு வாய்ப்புக் குறைவு என்னும் அறிவையும் சேர்த்து அவ்விதியைச் செப்பஞ் செய்தனர். எனினும் எதற்கும் முழுச் சுழியம் வழங்கலாகாது என்னும் கொள்கை நிலைத்தது. அறியாததற்கு இடம்விட்டு வைத்தல் இங்கே பெருந்தன்மையின் பாற்பட்டதன்று. சரியாக அறிதலின் ஒரு கூறாகும்.

இக்கொள்கையைப் புறக்கணித்தால் விளையும் தீங்கு ஏட்டளவில் நின்றுவிடுவதில்லை. இதயத்தசை தடிக்கும் பரம்பரை நோயொன்றுக்குக் காரணமெனக் கருதப்பட்ட சில விகாரங்கள், ஆபிரிக்க வழிவந்த அமெரிக்கரிடையே தீங்கின்றிப் பரவலாகக் காணப்படுவன என்பதை 2016 இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டிற்று. ஒப்பீட்டுக்கெனத் திரட்டப்பட்டோருள் அச்சமூகத்தினர் போதியளவு இடம்பெறாமையால், அவர்களிடத்தே இயல்பாயிருந்தது நோயெனக் குறிக்கப்பட்டது. இல்லாத நோயைச் சிலர் சுமக்க நேர்ந்தது. பொதுவடிவத்தை வகுக்குமிடத்து எவர் எண்ணப்படவில்லையோ அவரே பின்னர் பிழையுடையவராகத் தோன்றுவர் என்பதற்கு இதுவே சான்று.

இதனால் வேறுபாடு யாவும் நல்லது எனக் கூறுதல் பொருந்தாது. ஈமோகுளோபினின் பீற்றாச் சங்கிலியில் 146 அமினோவமிலங்கள் உள. அவற்றுள் ஆறாவது இடத்துக் குளுற்றாமிக்கமிலம் வலீனாகத் திரிவதே அரிவாட்கலச் சோகைக்குக் காரணம் என்பதை இங்கிராமின் ஆய்வுகள் 1956 முதல் வெளிப்படுத்தின. ஒரேயோர் எழுத்தின் திரிபு பெருந்துன்பத்தைத் தருகின்றது. ஆயினும் இவ்விகாரத்தைப் பெற்றோர் இருவருள் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றோர்க்கு மலேரியாவிலிருந்து பாதுகாப்புக் கிட்டுவதை அலிசன் 1954 இல் ஆபிரிக்காவிற் கண்டார். தென்னிந்தியாவின் நீலகிரிப் பழங்குடியினரிடையும் இவ்விகாரம் உண்டென்பது 1952 இல் அறியப்பட்டது. எனவே ஒரு வேறுபாடு கேடா, காப்பா, இரண்டுமல்லவா என்பதை அஃது எவ்விடத்தில் நிற்கின்றது, எச்சூழலில் நிற்கின்றது என்பவற்றை நோக்கியே கூறல் வேண்டும். பெரும்பான்மையிலிருந்து விலகியது என்பது விசாரணைக்குத் தொடக்கமாகலாம், தீர்ப்பாகாது.

6

இவற்றின் அடியில் ஒரு மெய்யியல் வினா உளது. குடும்பத்தின் பொதுவடிவம் என்பது உள்பொருளா? சைவசித்தாந்த அளவை, பொருளின் இயல்பினைப் பொதுவியல்பு, தன்னியல்பு என இரண்டாக வகுக்கும். பிறவினத்திலிருந்து பிரித்துத் தன்னினத்தோடு ஒன்றுபடுத்துவது பொதுவியல்பு. தன்னினத்திலிருந்தும் ஒரு பொருளைப் பிரித்துக் காட்டுவது தன்னியல்பு. சிவஞானசித்தியார் கூறும் இப்பாகுபாட்டில் இரண்டும் பொருளின் இயல்புகளாகவே கொள்ளப்படுகின்றன. தன்னியல்பு, பொதுவியல்பின் பழுதாகக் கருதப்படவில்லை.

மேலைநாட்டில் நெடுங்காலம் நிலவிய கருத்து வேறு. இனத்தின் மாதிரிவடிவமே மெய், தனியுயிர்களின் வேறுபாடுகள் அதன் குறைபட்ட நிழல்கள் என்று பலர் கொண்டனர். கூர்ப்பியலறிஞர் ஏணசுற்று மேயர் இதனைத் தலைகீழாக்கி, வேறுபடும் தனியுயிர்களே மெய், மாதிரிவடிவம் அவற்றிலிருந்து கணிக்கப்பட்ட சராசரி என வாதிட்டார். புரத மாதிரியுரு இவ்வாதத்துக்கு அரண் செய்கின்றது. ஒவ்வோரிடத்திலும் மிகுதியாகக் காணப்படும் அமினோவமிலத்தைத் தேர்ந்து கோத்தால் கிடைக்கும் ‘பொதுவரிசை’ பெரும்பாலும் எவ்வுயிரிடத்தும் இல்லாத வரிசையாக இருக்கும். அது மூதாதையின் வரிசையும் அன்று. எல்லோரையும் ஓரளவு ஒத்திருக்கும் அவ்வரிசை குடும்பத்தில் எவரும் அல்லர். பல ஏடுகளிலிருந்தும் சொல்லுக்குச் சொல் நயமானதைப் பொறுக்கித் தொகுத்த பாடமும் இத்தகையதே; அது புலவர் பாடியதும் அன்று, எவரும் படித்ததும் அன்று.

7

எடையிடல் என்றவுடன் எழும் அச்சம் ஒன்றுண்டு. மனிதர் சான்றுகளை எடையிட்ட வரலாறு தூயதன்று. சாதியாலும் செல்வத்தாலும் உயர்ந்தோன் எனப்பட்டவனின் சொல் ஒன்று, தாழ்த்தப்பட்டோர் பலரின் சொற்களை வென்ற காலம் யாழ்ப்பாணத்துச் சமூகத்துக்கும் உண்டு. பெண்ணின் சொல்லுக்கு இடமில்லாத அவைகளும் இருந்தன. எண்ணுதல் என்னும் நெறி ஒருவகையில் இக்கொடுமைக்கு எதிராக எழுந்ததே. எல்லார்க்கும் ஒரு வாக்கு என இலங்கை 1931 இல் சர்வசன வாக்குரிமையைப் பெற்றபோது, அங்கே எண்ணுதலே நீதியாயிற்று. அவ்வாறிருக்க, எடையிடலை மீண்டும் போற்றுதல் பழைய ஏற்றத்தாழ்வுக்கு வழிதிறவாதா?

இவ்வையம் நியாயமானதே. விடை இருகூறு உடையது. முதலாவதாக, வாக்கு என்பது உரிமை. சான்று என்பது அறிவுக்கு வாயில். உரிமையில் ஒருவர்க்கு ஒன்று என எண்ணுதலே அறம். அங்கே எடையிடுதல் அநீதி. எது நிகழ்ந்தது, எது உள்ளது என அறியுமிடத்து, சார்ந்து நிற்கும் சான்றுகளைத் தனிச்சான்றுகளாக எண்ணுதலே பிழை. ஒரே செய்தி ஆயிரம் கைபேசிகளில் வந்தமையால் அது ஆயிரம் சான்றுகள் ஆகிவிடாது. இரண்டாவதாக, எடை எதனைப் பொறுத்தது என்பதே முடிவானது. சொல்பவனின் பிறப்பைப் பொறுத்த எடை, சான்றைக் கேட்கும் முன்னரே தீர்ப்பை எழுதிவிடுகின்றது. சான்றின் சார்பின்மையைப் பொறுத்த எடையோ, இதுவரை கேட்கப்படாத குரலையே கூர்ந்து கேட்கச் செய்கின்றது. முன்னையது வலியோனின் படிக்கல். பின்னையது தனித்து நிற்பவனுக்கும் இடமளிக்கும் துலாக்கோல்.

அதனினும் வேண்டுவது ஒன்றுண்டு. எடையிட்டவன் தான் எடையிட்ட முறையை வெளிப்படுத்தல் வேண்டும். தள்ளிய பாடத்தையும் அடிக்குறிப்பில் தருவது நற்பதிப்பாசிரியர் மரபு; பின்வருவோன் அதனைக் கொண்டு அவரையே திருத்தலாம். நல்ல மாதிரியுருவும் ‘இது உறவு, இது உறவன்று’ என்று மட்டும் கூறாது, அம்முடிவு தவறாவதற்கான வாய்ப்பு எவ்வளவு என்பதையும் உடன் கூறும். தன் ஐயத்தை மறைக்கும் தீர்ப்பு, சரியாயிருப்பினும் நேர்மையுடையதன்று.

8

தனித்து நிற்கும் சான்றுக்கே எடை மிகுதியெனின், அதனை இழப்பதனால் வரும் நட்டமும் மிகுதியாகும். ஒன்பது ஒத்த படிகளுள் ஒன்று அழியின் அறிவு பெரிதும் குறையாது. பத்தாவதாய் நின்ற ஒன்று அழியின் ஒரு கிளையே அற்றுப்போகும். 1981 ஆம் ஆண்டு யூன் முதலாந் தேதியை அண்டிய இரவில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன; ஓலைச்சுவடிகளும் அவற்றுள் அடங்கும். அச்சு நூல்கள் பல மீண்டும் வாங்கப்படலாம். வேறெங்கும் படியற்ற சுவடிக்கு ஈடு இல்லை. அவ்விழப்பை நூல்களின் தொகையால் மட்டும் அளப்பது எண்ணுவோர் அளவையே ஆகும். ஆராயப்படுமுன் அற்றுப்போகும் செடிக்கும், பேசுவோர் மறைவதால் மறையும் வழக்குச் சொல்லுக்கும் இதுவே பொருந்தும்.

சுருங்கக் கூறின், புரதக் குடும்பங்களை ஆராய்வோர் கணிப்பின் தேவையாற் கண்ட நெறிகள் மூன்று. ஒத்தவை பலவாயினும் ஒன்றின் எதிரொலியாயின் ஒன்றெனவே கொள்க. காணாததற்கும் இடம் விடுக. விலகி நிற்பதைத் தள்ளுமுன் அது நிற்கும் இடத்தை நோக்குக. இவை கணினிக்கு இட்ட விதிகளாயினும், ஏட்டைத் துணியும் புலவர்க்கும், வழக்கைத் தீர்க்கும் நடுவர்க்கும், தம்மோடு ஒத்தோரை மட்டும் கண்டு பழகிய சமூகத்துக்கும் உரியன. பயற்றம்வேரில் மறைந்திருந்த செம்மையைக் குருதியின் உறவென அறிந்தது, தூரத்தில் தனித்து நின்ற சான்றுக்கும் அதற்குரிய எடையை வழங்கிய அறிவேயாகும்.